தாளில் ஒரு பதில், வராந்தாவில் ஒரு பதில்: நம்ம கரையோரப் பிள்ளைகளோடு உங்கள் அனுபவம் என்ன?

கீழக்கரை டீச்சர்:

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது என்ற கேள்விக்கு, ஒளி படும் பாதியில் நம் கண்ணுக்குத் தெரியும் அளவு மாறுவதால் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மார்க் வாங்கினாள் ஒரு பிள்ளை. மணி அடித்த பிறகு வராந்தாவில் சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "பூமியோட நிழல் விழுறதாலதான டீச்சர்?" என்றாள், சந்தேகமே இல்லாமல்.

அவள் பொய் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. இரண்டு பதிலும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்று தாளுக்கு, ஒன்று தனக்கு. பெரியவர்களும் இப்படித்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அங்கியோடு நின்றவர்களிடம் கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்று கேட்டு, 1980களில் படமாகவே எடுத்தார்கள். பூமி சூரியனுக்குக் கிட்டே போவதால் கோடை என்றுதான் பெரும்பாலானவர்கள் தவறாகச் சொன்னார்கள்.

மறுநாள் வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு நோன்புப் பிறை பற்றிக் கேட்டேன். இந்த ஊரில் மாலை மஃரிபு தொழுகைக்குப் பிறகு மொட்டை மாடியில் நின்று பிறை தேடாத பிள்ளை கிடையாது. "எந்தப் பக்கம் தேடுவீங்க?"

"மேற்க டீச்சர். சூரியன் இறங்குன இடத்துக்குக் கொஞ்சம் மேல."

"அந்த நேரத்துல பூமியோட நிழல் எந்தப் பக்கம் விழும்?"

சூரியனுக்கு எதிர்ப்பக்கம், கிழக்கே. அதைச் சொல்ல அவர்களுக்கு நேரமே ஆகவில்லை. அப்புறம்தான் ஒரு சலசலப்பு. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்ப நிழல் அங்கிட்டுப் போகவே முடியாதே!" என்றான். நான் வாயே திறக்கவில்லை. அவனோடு இன்னொருத்தன் சண்டைக்கு நின்றான், "எங்க வாப்பாவே நிழல்னுதான் சொன்னாங்க" என்று.

அரைநிலா வரும் நாளுக்குக் காத்திருந்து, சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரையும் மைதானத்தில் வெயில் படும் இடத்தில் நிறுத்தினேன். அந்நேரம் நிலவு கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும். வெள்ளைப் பந்தை நிலவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பந்திலும் அதே பாதி வெளிச்சம், அதே பாதி இருட்டு. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கிரகணப் பாடம் வந்ததும் பழைய நிழல் சிலரிடம் திரும்ப எட்டிப் பார்த்தது. பௌர்ணமியில்தான் நிலவு நிழலுக்குள் போக முடியும், நிலவின் பாதை ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமிக்கும் போகாது என்று முதலிலிருந்து மறுபடி பேச வேண்டியிருந்தது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்களேன்.

தங்கச்சிமடம், கணக்கு டியூஷன்:

டீச்சர், எனக்கு இது நண்டில் வந்தது.

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை காலையில் அம்மாவோடு நண்டு எடை போடும் இடத்துக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். கிலோ 380 ரூபாய் என்றால் மூணேகால் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "மூணுக்கு 1140, காலுக்கு 95, மொத்தம் 1235." பேனாவையே தொடவில்லை. அதே கணக்கை 380 × 3.25 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெருக்கி, புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்து 12350 என்று கொண்டுவந்து நீட்டினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மூணேகால் கிலோ நண்டு பன்னிரண்டாயிரமா?" என்றதும்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது நண்டா சார்? நீங்க கணக்குன்னுதான கொடுத்தீங்க!"

பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகளை வைத்து 1985இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கடையில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே பிள்ளைகளிடம் வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. பார்த்தது ஐந்தே பிள்ளைகளைத்தான், ஆனாலும் இங்கே காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

ஆனால் 'சந்தைக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும், எல்லாம் வந்துவிடும்' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 0.5 பெரிதா, 0.25 பெரிதா என்று கேட்டால் இதே பிள்ளை 0.25 என்பாள், 25 பெரிய எண் என்பதால். அரையைவிடக் கால் பெரிது என்று செத்தாலும் சொல்ல மாட்டாள்! சரி, எலக்ட்ரானிக் தராசைக் கொண்டு விளக்கலாம் என்று 0.500, 0.250 என்று காட்டினேன். உடனே புரிந்தது. அடுத்த வாரம் என்ன ஆனது தெரியுமா? புள்ளிக்குப் பின்னால் இருப்பது எல்லாமே கிராம் ஆகிவிட்டது. 0.5 என்றால் 5 கிராம், 0.07 என்றால் 7 கிராம். தராசில் எப்போதும் மூன்று இலக்கம் நிற்பதால் அங்கே பிழை தெரிவதில்லை, நோட்டில்தான் பல்லைக் காட்டுகிறது.

கடைசியில் ஒரு மீட்டர் கயிற்றில்தான் வழி பிறந்தது. பத்தாக மடக்கி ஒவ்வொரு மடிப்பிலும் முடிச்சு, ஒரு துண்டை மறுபடி பத்தாக. 0.07 எங்கே வரும் என்று அவளே விரலை வைத்தாள். முதல் முடிச்சுக்குக்கூட எட்டவில்லை. கயிறு, முடிச்சு எல்லாம் அவர்கள் வீட்டுச் சாமான் என்பதாலோ என்னவோ, அது ஒட்டிக்கொண்டது.

பத்தாம் வகுப்பு சார், ராமநாதபுரம்:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு டிசம்பருக்குள் பாடம் முடிய வேண்டும், அப்புறம் திருப்புதல் தேர்வு. ஒரு பந்துக்கும் ஒரு கயிற்றுக்கும் நான் எத்தனை பீரியடை எடுப்பேன்? தாளில் சரியாக எழுதும் பிள்ளை பாஸாகிறான். வராந்தாவில் என்ன நினைக்கிறான் என்று யாரும் மார்க் போடுவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை, நிலவரம் இதுதான்.

வாலிநோக்கம்:

எங்கள் குடும்பமே உப்பளத்து வேலை. நான் வாத்தியார் இல்லை, அக்கா மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதோடு சரி. பாத்தியில் உப்பு விளைவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் அவள். உப்பு எங்கிருந்து வருது என்று கேட்டேன். "வெயில்தான் மாமா உப்பை உண்டாக்குது." வெயில் ஏற ஏற உப்பு கூடுகிறது, மழை பெய்தால் போய்விடுகிறது. அவள் பார்த்த அளவில் அது சரியான முடிவுதான். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம் தராசில் ஒரு கிலோ தண்ணீர் வைத்து, பக்கத்தில் 100 கிராம் உப்பை வைத்து, போட்டுக் கலக்கினால் எவ்வளவு காட்டும் என்றேன். "ஒரு கிலோதான். உப்புதான் கரைஞ்சு போயிருமே." கலக்கினோம். 1100 கிராம். தராசைத் தட்டிப் பார்த்தாள், பாத்திரத்தை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே 1100. "அப்ப அது உள்ளயேதான் இருக்கா?"

கடல் தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்து அடுப்பில் வற்ற வைத்ததில் அடியில் படிந்தது சுமார் 35 கிராம். வெயில் உப்பைச் செய்யவில்லை, தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது என்று அவளாகச் சொன்னாள். பாத்தியில் தண்ணீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்க்கும் கண்ணாடி மிதவையை அதன் பிறகுதான் அவள் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தாள். கடல் தண்ணீரில் 3 டிகிரி பக்கம் காட்டுவது, உப்பு விழுகிற தண்ணீரில் 25க்கு மேல் போய்விடும். தண்ணீர் கெட்டியாக ஆக மிதவை மேலே எழும்பும். தினம் அவள் அப்பா கையில் பார்த்த சாமான்தான்.

ராமேஸ்வரம்:

சின்னதாக ஒன்று. என் பேரன் பூமி உருண்டை என்பான். "அப்ப நாம எங்க நிக்கிறோம்?" என்றால், "உள்ள, தட்டையான இடத்துல. மேல மூடி மாதிரி வானம்." ஏதோ அவன் மட்டும் இப்படி என்று நினைத்தேன். 1992இல் வொஸ்னியாடு, ப்ரூவர் என்ற இருவர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கேட்டபோதும் இதே உள்கூடான உருண்டையைச் சிலர் வரைந்து காட்டியிருக்கிறார்கள். இவன் அப்பா கடலுக்குப் போகிறவர். திரும்பும்போது கலங்கரை விளக்கத்தின் உச்சி முதலில் தெரியும், கரை பிறகுதான் எழும்பும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதையும் உருண்டையையும் அவன் இன்னும் சேர்க்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

கீழக்கரை டீச்சர்:

சார், உங்கள் பீரியடைக் கேட்கவில்லை. எனக்கும் பாடம் பாக்கி கிடக்கிறது. பிறைக் கேள்விக்கு ஆனது கால் மணி நேரம்தான். பந்தைப் பிடித்தது பள்ளி விட்டபின். தேர்வில் படம் போட்டு, நிலவு இந்த இடத்தில் இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டால் தாளே காட்டிக்கொடுத்துவிடும், மனப்பாடம் அங்கே உதவாது. அடுத்த மாதத் தேர்வில் அப்படி ஒரு கேள்வி வைக்கப்போகிறேன். நீங்களும் வைத்துப் பாருங்கள்.

வாலிநோக்கம் தம்பி, அந்தக் கண்ணாடி மிதவை பழையது ஒன்று கிடைக்குமா? கீழக்கரைப் பக்கம் வந்தால் துணியில் சுற்றிக் கொண்டுவாங்க, பஸ்ஸில் உடைந்துவிடப் போகிறது.