மறு: நாஸ் பெட்டிக்குத் தமிழ்ச்சொல் – குதிரா, பத்தாயமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாஸ் (NAS) என்பது வீட்டுப் பிணையத்தில் இணைத்து எல்லாரும் கோப்புகளை வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை, சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் புதிதாக அமைத்திருக்கும் பெட்டியோடு வைத்துப் பார்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி உள்ள பழைய மேசைக்கணினி, 4 டெராபைட் வன்வட்டு இரண்டு, டெபியன் இயங்குதளத்தின் மேல் ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருள், படம் பார்க்க ஜெல்லிஃபின் மென்பொருள். அவ்வளவுதான் பெட்டி. பரண் மேல் வைத்துவிடலாம் என்றார்கள் வீட்டில். சேலத்துச் சித்திரை வெயிலில் தளத்தை ஒட்டிய பரணில் வன்வட்டு வெந்துபோகும் என்று சொல்லி, ஹாலில் திசைவிக்கு (ரவுட்டர்) பக்கத்திலேயே வைத்தேன். உள்ளே இருப்பவற்றில் எனக்கு முக்கியமானது அப்பா கேம்கார்டரில் எடுத்து வைத்த ஆடித் திருவிழாப் பதிவுகள். சேலம் குகைப் பகுதி வண்டி வேடிக்கையில் சாமி வேடம் போட்டு வருகிறவர்களில் பாதிப் பேரை அப்பாவுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அந்தக் குரலும் பதிவில் இருக்கிறது.

முதலில் கோப்புகளை நகர்த்தியபோது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவே இல்லை. சுவருக்குள் ஓடும் கேபிளில் எட்டுக் கம்பி இருந்தும் முனையில் நான்கைத்தான் கிரிம்ப் செய்திருந்தார்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். முனையை மாற்றியதும் 110-ஐத் தொட்டது. புதிதாக அமைக்கிறவர்கள் வன்வட்டைச் சந்தேகப்படும் முன் கேபிளைப் பாருங்கள். ஜெல்லிஃபின் மிகவும் பிடித்துவிட்டது. 2018 டிசம்பரில் எம்பி மென்பொருளிலிருந்து பிரிந்து, திறந்த மூலமாகவே வளர்ந்து வருவது. எங்கள் பழைய டிவிக்கு எச்இவிசி என்ற புதிய வீடியோ வடிவம் புரியாது, பெட்டி ஓட ஓட அதைப் பழைய வடிவமான எச்.264 ஆக மாற்றித் தருகிறது. இன்டெல் செயலியில் வீடியோ மாற்றத்துக்கென்றே உள்ள குயிக் சிங்க்கை இயக்கிய பிறகு செயலிக்கு அது ஒரு சுமையாகவே தெரியவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> வீட்டில் இருப்பதால் ‘மனை வழங்கி’ அல்லது ‘இல்ல வழங்கி’ எனலாம்.

‘வழங்கி’ என்பது சர்வர். ‘கோப்பு வழங்கி’ என்றால் கோப்பை வழங்குவது. ‘அஞ்சல் வழங்கி’ என்றால் அஞ்சலை வழங்குவது. இந்த ஓட்டத்தில் படிக்கிறவர் ‘மனை வழங்கி’யை மனையை வழங்குவது என்றுதான் படிப்பார், ப்ளாட் விற்பனை நினைவுக்கு வரும். ‘இல்ல வழங்கி’ பேச்சில் ‘இல்லை’ என்று காதில் விழுகிறது. ‘வீட்டு வழங்கி’யில் இந்தச் சிக்கல் இல்லை. ‘வீடு’ என்பது ‘வீட்டு’ என்று திரிந்துவிடுவதால் வீட்டில் உள்ள வழங்கி என்பது தெளிவு. ஜெல்லிஃபின் போன்றவை ஓடும் கணினிக்கு அதை வைத்துக்கொள்வோம். ஆனால் நாஸின் முதல் வேலை வைத்துக் காப்பது. அந்தப் பாதி ‘வழங்கி’க்குள் வரவில்லை.

> ‘பிணையம் இணைந்த சேமிப்பகம்’ என்பதே சரியான மொழிபெயர்ப்பு. அதிலேயே நிற்கலாம்.

கையேட்டில் ஒருமுறை எழுதலாம். “பிணையம் இணைந்த சேமிப்பகத்தில் கல்யாண வீடியோவைப் போட்டுவிட்டேன்” என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லப்போவதில்லை.

> ‘குதிர்’ என்று வைத்தால் என்ன? நெல்லும் சாமையும் கொட்டி வைத்து வீடே எடுத்துச் சாப்பிட்டது அதிலிருந்துதானே.

ஏற்காட்டு ஐயா எழுதியது. படித்தவுடன் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கே பொதுவான ஒரு சேமிப்பு, யாரும் எடுக்கலாம், நிரம்பவும் செய்யும். குதிரைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் “எங்கப்பன் குதிருக்குள் இல்லை” தெரியும். இப்போது மேலே நான் எழுதிய வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். ‘குதிரை’. இரண்டாம் வேற்றுமை சேர்ந்ததும் சொல் நான்கு காலில் ஓடிவிடுகிறது. “குதிரை அணைக்கவும்”, “குதிரை மறுதொடக்கம் செய்யவும்” என்று திரையில் வந்தால் என்ன ஆகும்? ‘குதிரினை’ என்று சாரியை போட்டு எழுதலாம், வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

அதனால் அதே குடும்பத்துச் சொல் ஒன்றை முன்வைக்கிறேன்: பத்தாயம். முழுப்பெயராக ‘கோப்புப் பத்தாயம்’, புழக்கத்தில் ‘பத்தாயம்’. மரப்பலகையில் செய்த நெற்பெட்டி. வாயில் போட்டுப் பாருங்கள்: பத்தாயத்தில் போட்டுவிட்டேன். பத்தாயம் நிரம்பிவிட்டது. பத்தாயத்தை அணைக்காதே, அம்மா படம் பார்க்கிறார். எந்த வேற்றுமையிலும் இடறவில்லை.

> ரெய்டுக்குக் ‘காப்பு அடுக்கு’.

ரெய்டு (RAID) என்பது பல வன்வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை, அதன் வகைகளுக்கு எண் உண்டு. அதற்கு இந்தப் பெயரை மட்டும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். இந்த இழையிலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ரெய்டு 0-இல் காப்பு என்று எதுவுமே கிடையாது, ஒரு வட்டு போனால் எல்லாம் போய்விடும். ரெய்டு 1 என்ற வகை ஒரு வட்டு பழுதானால் கைகொடுக்கும், அழித்த கோப்பைத் திருப்பித் தராது. சோதனைக்காக ஒரு கோப்பை இட்டு அழித்துப் பார்த்தேன், இரண்டு வட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் போய்விட்டது. போகத்தானே வேண்டும், இரண்டையும் ஒன்றுபோல வைத்திருப்பதுதான் அதன் வேலை. பெயரில் ‘காப்பு’ இருந்தால், ரெய்டு போட்டாயிற்று, நகல் எதற்கு என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் படங்கள் முழுக்க அந்த நம்பிக்கையில் போகலாம். சொல் வைக்கிற நமக்கு அதில் பொறுப்பு உண்டு.

அப்படியே ‘ரெய்டு’ என்று எழுதினாலோ வருமான வரிச் சோதனைதான் ஞாபகத்துக்கு வரும். என் பரிந்துரை ‘வட்டணி’. வட்டு + அணி. எந்தப் பாதுகாப்பையும் வாக்களிக்காமல், வட்டுகள் அணியாக நிற்கின்றன என்று மட்டும் சொல்கிறது. வட்டணி 0, வட்டணி 1, வட்டணி 5 என்று எண்ணும் இயல்பாகச் சேர்கிறது. எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்க்கவில்லையே என்று யாராவது கேட்டால், பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தச் சுருக்கத்தின் மூன்றாம் எழுத்து ‘விலை மலிந்த’ என்பதைக் குறித்தது. பின்னர் வட்டு விற்பவர்கள் அதை ‘தனித்த’ என்று மாற்றிக்கொண்டார்கள். மூலத்திலேயே நிலைக்காத எழுத்துக்காக நாம் கஷ்டப்பட வேண்டாம்.

‘காப்பு’ என்ற சொல்லைக் ‘காப்புநகல்’ ஒன்றுக்கே விட்டுவிடுவோம். என் காப்புநகல் ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருக்கிறது. தனி வட்டில் எடுத்து, பனி ஈரம் ஏறாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில். கோடை இடி இறங்கும்போது அது எந்த மின்கம்பியிலும் செருகியிருக்காது.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து

---

தம்பி,

‘குதிரை’ எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல கண். ‘வட்டணி’க்கு என் முழு ஆதரவு. பத்தாயத்தில் மட்டும் ஒரு தயக்கம். அது தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொல். எங்கள் மலையில் பத்தாயம் கண்டவர் குறைவு. இன்னொன்று, ‘கோப்பு’ என்றால் தாலுகா ஆபீஸ் கட்டுதான் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வருகிறது. ‘வீட்டுப் பத்தாயம்’ என்று சொல்லிவிடலாமே?

---

ஐயா,

வணக்கம். பெயரில் வீட்டைச் சேர்க்கத் தயங்குகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடைகள் டிசைன் படங்களையும் பில்லையும் வைப்பதும் இதே பெட்டியில்தான். ‘கோப்பு’ கணினியில் நிலைத்துவிட்ட சொல், அதை இருக்க விடலாம். பேச்சில் வெறும் பத்தாயம் போதும்.

டெல்டாச் சொல் என்பது உண்மைதான். ஆனால் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே திறந்துவிட்ட தண்ணீரில் விளைந்த நெல்தான் அந்தப் பத்தாயங்களை நிரப்பியது. நமக்கு அந்நியமான சொல்லாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பக்கத்து வீடுகளில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்து, எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள் ஐயா.

மற்றவர்களுக்கு: வேறு எதிர்ப்பு இல்லையென்றால் பத்தாயம், வட்டணி, வீட்டு வழங்கி மூன்றையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். அப்புறம் ‘ட்ரான்ஸ்கோடிங்’, அதாவது எச்இவிசியை எச்.264 ஆக்கியது போல வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பாக்கி இருக்கிறது. ‘குறிமாற்றம்’ என்று தொடங்கி வைக்கிறேன். எழுத்துரு மாற்றத்துக்கும் இதே சொல்லை யாராவது பயன்படுத்தியிருந்தால் உடனே சொல்லுங்கள்.