தங்க நிறச் சாண்ட்லியர் கறுத்துப் போகுது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

உம்மு_காத்தான்குடி
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். எங்கள் வீட்டு ஹோலில் தங்க நிறத்தில் ஒரு சாண்ட்லியர் தொங்குகிறது, மாமா கட்டாரில் இருந்து வரும்போது கொண்டு வந்தது. வந்த புதிதில் முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. இப்போது கிளைகளின் மேல்பக்கம் மங்கி, பல்ப் ஹோல்டருக்குக் கீழே கறுப்புப் புள்ளிகள் விழுந்து, கிளைகள் நடுத்தண்டில் சேரும் இடத்தில் பச்சையாகக் களிம்பும் பிடித்திருக்கிறது. கண்ணாடி மணிகளில் வெள்ளைத் திட்டு வேறு. பெருநாளைக்கு முதல் துப்பரவாக்க வேண்டும். உம்மா பழப்புளி போட்டுத் தேய் என்கிறா, மச்சி பிராசோ என்கிற உலோகப் பொலிஷ் வாங்கச் சொல்கிறா, கடைக்காரர் ஒரு ஸ்பிரேயைக் காட்டி, அடித்துவிட்டால் அழுக்கு தானாக வடியும் என்றார். வீடு கடற்கரைப் பக்கம், ஜன்னல் எந்த நேரமும் திறந்துதான் கிடக்கும். எதைச் செய்ய?

கல்முனை_வயரிங்
வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. மூன்றையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அது என்ன உலோகம் என்று தெரியாமல் எதைப் போட்டாலும் அநியாயம்தான். இந்தப் பக்கத்து வீடுகளில் நான் கழற்றி மாட்டுகிற சாண்ட்லியர்களில் முழுப் பித்தளை என்பது அபூர்வம். இரும்பிலோ துத்தநாகக் கலவையிலோ வார்த்து, மேலே தங்க நிறத்தில் மெல்லிய முலாம், அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு வார்னிஷ் பூச்சு. நீங்கள் காணும் மினுக்கம் அந்தத் தோலுடையது. பிராசோவில் இருப்பது தேய்க்கிற தூள். முலாமில் போட்டால் ஒரு மாதிரிப் பளபளக்கும், நாலு தரம் தேய்த்தால் உள்ளே கிடக்கிற சாம்பல் நிறம் வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு திரும்ப முலாம் பூசுவதைத் தவிர வழியில்லை.

முதலில் ஒரு காந்தம் எடுங்கள், பழைய ஸ்பீக்கரில் கழற்றியது போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் மேலே கூரையோடு சேரும் கிண்ணத்தின் உட்பக்கம் மாதிரி யாரும் பார்க்காத இடத்தில் ஊசி முனையால் மெதுவாக ஒரு கீறல் போடுங்கள். கீறலும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளியாகத் தெரிந்தால் முலாம்.

ஏணியில் ஏறுவதற்கு முதல் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ண வேண்டும். சுவரில் இருக்கிற சுவிட்ச் காணாது, பழைய வீடுகளில் சுவிட்சை மின்சாரம் வருகிற ஒயரில் போடாமல் நியூட்ரலில், அதாவது திரும்பிப் போகிற ஒயரில் போட்டு வைத்திருப்பார்கள், பல்ப் அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்ப் சூடு ஆறட்டும். அப்புறம் இன்னொன்று, ஒரே இடத்தில் ஏணியை வைத்துக்கொண்டு சாண்ட்லியரைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிற பழக்கம் எல்லாரிடமும் இருக்கு. அது மரையில் நிற்கிற சாமான், சுற்றச் சுற்ற மரை கழரும், உள்ளே ஒயரும் முறுகும். ஏணியைத்தான் நகர்த்த வேண்டும். ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அழுக்கோடு சேர்ந்து தண்ணி ஹோல்டருக்குள் இறங்கும்.

தேத்தாத்தீவு_மகன்
புளிக்கு ஏன் இவ்வளவு பயம்? எங்கள் அம்மம்மாவின் தூண்டாமணி விளக்கு அந்தக் காலத்தில் இருந்து பழப்புளியும் சாம்பலும்தான் கண்டது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் கிணற்றடியில் வைத்துத் தேய்த்தால் தங்கம் மாதிரி இருக்கும். பிராசோ எல்லாம் காசு பறிக்கிற வேலை.

கல்லடி_ரீச்சர்
தம்பி சொல்வது அந்த விளக்குக்குச் சரி. அது முழு வார்ப்புப் பித்தளை, பூச்சு கிடையாது, ஒயரும் கிடையாது, தேய்த்த கையோடு வாளித் தண்ணியில் முக்கி எடுத்துவிடலாம். பித்தளையில் பெரும்பங்கு செம்பு, மிச்சம் துத்தநாகம். புளியில் இருக்கிற தார்த்தாரிக் அமிலமும் தேசிக்காயில் இருக்கிற சித்திரிக் அமிலமும் மேலே பிடித்த ஒட்சைட்டைக் கரைத்துவிடும், அதனால்தான் உடனே மினுங்குகிறது. ஆனால் அமிலத்தை நெடுநேரம் ஊறவிட்டால் துத்தநாகமும் கரைந்து போய், செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். சாண்ட்லியரில் புளித்தண்ணி மூட்டுக்குள் இறங்கினால் கழுவி எடுக்க வழியில்லை, அங்கேயே கிடந்து அரிக்கும். நீங்கள் சொன்ன பச்சைக் களிம்பும் அந்த மூட்டில்தானே வந்திருக்கிறது. காத்தான்குடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய நிலம், காற்றில் வருகிற உப்பு பொருத்துகளில் தங்கி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாரியில் கேட்கவே வேண்டாம்.

கண்ணாடி துடைக்கிற நீலத் திரவங்களில் அமோனியா உள்ளவற்றை இதற்குப் பாவிக்காதீர்கள். பிரித்தானியர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்து மூத்திரத்தில் இருந்து வருகிற அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் நிறுவினார்கள். வளைத்து இறுக்கின பித்தளைக்கு அமோனியா ஆகாது. ஒருதரம் துடைத்ததும் கிளை உடைந்து விழும் என்று சொல்லவில்லை, ஆனால் தேவையில்லாத வேலை.

மணிகளில் இருக்கிற வெள்ளைத் திட்டு அநேகமாகத் தண்ணியில் உள்ள உப்பு. உவர்க் கிணற்றுத் தண்ணியில் எவ்வளவு கழுவினாலும் காயக் காய அது திரும்ப வரும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு மணிகளைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் எந்தச் சரம் எங்கே தொங்கியது என்று பிறகு வீட்டில் சண்டைதான். பிளாஸ்டிக் பேசினுக்கு அடியில் துவாயை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணியில் கோப்பை கழுவுகிற திரவம் சில துளி விட்டு அலசுங்கள். கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணியில், அதாவது உப்பு நீக்கி வடிகட்டின தண்ணியில். தானாகக் காய விடாமல் உடனே துடைத்துவிட வேண்டும். பல தரம் தோய்த்து நைந்த சாரத் துணிதான் நல்லது, புதுத் துணி பஞ்சு விடும்.

உம்மு_காத்தான்குடி
ஜஸாக்கல்லாஹ் ஹைர் ரீச்சர், காக்கா. மெயினை ஓஃப் பண்ணிவிட்டுக் காந்தம் வைத்துப் பார்த்தோம். சங்கிலியிலும் மேல் கிண்ணத்திலும் ஒட்டுது, கிளைகளில் ஒட்டவில்லை. கிளையின் அடிப்பக்கம் கீறினால் மஞ்சள்தான். ஆனால் கறுப்புப் புள்ளிகளைச் சுற்றி உரிந்த நகப்பூச்சு மாதிரி ஓர் ஓரம் தெரியுது. நகத்தால் சுரண்டினால் மெல்லிய செதிளாக வருது.

கல்முனை_வயரிங்
அதுதான் வார்னிஷ் பூச்சு. ஆக, கிளைகள் உண்மையான பித்தளை, சங்கிலியும் கிண்ணமும் இரும்பில் முலாம். இனிச் சுரண்டாதீர்கள், சுரண்டின இடமெல்லாம் புதுப் புள்ளி வரும். பூச்சு நல்லாயிருக்கிற இடத்தில் வெறும் ஈரத்துணி, சவர்க்காரம் ஒரு சொட்டு, பிறகு நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பிடியுங்கள், விரல் வியர்வையும் உப்புத்தானே. பச்சைக் களிம்பை மரக்குச்சி நுனியில் துணி சுற்றி எடுக்கலாம், கத்தி முனை வேண்டாம். புள்ளி விழுந்த இடம் இப்படித் துடைத்தாலும் போகாது, கறுப்பு பூச்சுக்குக் கீழே இருக்கு. அதைப் போக்க வேண்டுமென்றால் கிளையைக் கழற்றி, பழைய பூச்சு முழுவதையும் தின்னரால் எடுத்து, பொலிஷ் போட்டு, திரும்ப லாக்கர், அதாவது அந்த வார்னிஷ் பூச்சு, அடிக்க வேண்டும். ஒயரை உருவிப் பூட்டுகிற வேலை அது, பெருநாள் நெருக்கத்தில் தொடங்கினால் பெருநாளைக்கு இருட்டில்தான் இருப்பீர்கள். இப்போதைக்குத் துடைத்து விடுங்கள், கீழே நின்று பார்க்கிறவருக்குப் புள்ளி தெரியாது.

அக்கரைப்பற்று_ராத்தா
இடையில் நானும் ஒன்று கேட்கிறேன். துடைத்த பிறகு தேங்காயெண்ணெய் தடவினால் கறுக்காது என்கிறார்களே?

கல்லடி_ரீச்சர்
தடவின அன்று அழகாகத்தான் இருக்கும். பிறகு தூசியும் அடுப்புப் புகையும் சாம்பிராணிப் புகையும் அதில் ஒட்டிப் பிசுபிசுக்கும், அதைக் கழுவுவது இதைவிடக் கஷ்டம். காருக்குப் பூசுகிற மெழுகு நல்லது. பூச்சு உரிந்து வெறும் பித்தளை தெரிகிற இடங்களில் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் வேறு துணியால் துடையுங்கள். ரபிங் கம்பவுண்டை மெழுகு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அதிலும் தேய்க்கிற தூள்தான்.

கல்முனை_வயரிங்
தங்கச்சி, ஏணியில் நிற்கிற நேரத்திலேயே கிண்ணத்தைக் கொஞ்சம் கீழிறக்கி, சிலாப்பில் இருக்கிற கொழுக்கியையும் ஒருதரம் பாருங்கள். சங்கிலி இரும்பு என்றால் கொழுக்கியும் இரும்பாகத்தான் இருக்கும், கடற்காற்றுக்கு அதுதான் முதலில் துருப்பிடிக்கும், பளபளப்பைப் பார்க்கிற யாரும் அதைப் பார்ப்பதில்லை. செதிள் செதிளாகத் துரு உதிர்ந்தால் துடைக்கிற வேலையை நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே இருக்கிற சோபாவை நகர்த்தி வைத்துவிட்டு ஒரு வயரிங்காரரைக் கூப்பிடுங்கள்.

உம்மு_காத்தான்குடி
பார்த்தேன் காக்கா, துரு இருக்கு, ஆனால் உதிரவில்லை, மேலாகத்தான். மாமாவைக் கூப்பிட்டு ஸ்டெயின்லெஸ் கொழுக்கி மாற்றச் சொல்லியிருக்கிறேன். மணிகளை மட்டும் இன்றைக்குக் கழற்றப் போகிறேன்.