வலை இழுத்த எட்டாம் நாள் புண்: கெண்டை மீன்களில் கார்டிசாலும் அழற்சியும்

கேள்வி: கீழ்மடைக் குளம்

அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, சாதாரணக் கெண்டை ஆகியவற்றைக் கூட்டாக வளர்க்கிறேன். பாதி மீன்களைப் பக்கத்துக் குட்டைக்கு மாற்றுவதற்காக, மார்கழியில் ஒரே நாளில் மூன்று முறை இழுவலை போட்டோம். அன்றும் மறுநாளும் மீன்கள் நன்றாகவே நீந்தின, தீவனமும் எடுத்தன. ஏறத்தாழ எட்டாம் நாளில்தான், செதில் உதிர்ந்த இடங்களில் சிவந்த புண்களும் அவற்றின்மேல் பஞ்சு போன்ற பூஞ்சையும் தென்பட்டன. வலை உரசிய காயம்தான் காரணம் என்றால், ஆவணியில் அதே வலையை ஒரு முறை இழுத்தபோது ஏன் ஒன்றும் ஆகவில்லை? மீன் மிரண்டால் ஹார்மோன் சுரந்து எதிர்ப்பாற்றல் குறையும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். ஹார்மோன் என்றாலே சினைமீனுக்குப் போடும் ஊசியைத்தான் அறிவேன். அதற்கும் புண்ணுக்கும் என்ன தொடர்பு என்பது விளங்கவில்லை.

பதில் 1: செவுள்

முதலில் மீனின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். மீனுக்கு நம்மைப் போல எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவதில்லை. நிணநீர்க் கணுக்களும் இல்லை. அந்த வேலையின் பெரும்பகுதியைச் செவுளுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் தலைச் சிறுநீரகம் செய்கிறது. நமக்குச் சிறுநீரகத்தின் மேல் தனிச் சுரப்பியாக இருக்கும் அட்ரீனலுக்கு இணையான செல்களும் அதே உறுப்புக்குள்தான் பரவிக் கிடக்கின்றன. வலையைக் கண்டு மிரளும் மீனின் மூளையிலிருந்து அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்கும், அங்கிருந்து இந்தச் செல்களுக்கும் ஆணை வந்தவுடன், கார்டிசால் என்னும் ஹார்மோன் எதிர்ப்பு அணுக்கள் பிறந்து வளரும் இடத்திலேயே சுரக்கிறது.

இதை அதிகம் ஆராய்ந்தது சால்மன், ட்ரௌட் வகைகளில்தான். அமைதியாக இருக்கும் ட்ரௌட்டின் இரத்தப் பிளாஸ்மாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் குறைவாக இருக்கும் கார்டிசால், பிடித்துக் கையாண்டால் 40 முதல் 200 நானோகிராம் வரை ஏறும். ஒரு முறை மிரட்சி என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆவணியில் நடந்தது இதுவாக இருக்கலாம். மூன்று முறை வலை, இடமாற்றம், புதிய குட்டையின் நெரிசல் என்று அடுத்தடுத்து வரும்போது அது தணிய இடமே கிடைப்பதில்லை.

எதிர்ப்பாற்றல் குறையும் என்று ஒரே சொல்லில் முடிப்பதை நான் ஏற்கவில்லை. கெண்டை மீனின் அணுக்களை வைத்து 1990-களில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், எதிர்ப்பொருளை, அதாவது கிருமியைப் பற்றி முடக்கும் புரதத்தைத் தயாரிக்கும் பி-லிம்ஃபோசைட்டுகள் கார்டிசால் பட்டுத் தாமாகவே மடிந்தன. காயத்துக்கு முதலில் விரையும் நியூட்ரோபில் அணுக்களோ வழக்கத்தைவிட நீண்ட நேரம் உயிரோடிருந்தன. அதாவது உடனடிக் காவல் நீடிக்கிறது, எதிர்ப்பொருள் தயாரிக்கும் படை சுருங்குகிறது. பிரிட்டனில் 1980-களில், மிரட்டாமல் கார்டிசால் மட்டும் உட்செலுத்தப்பட்ட பழுப்பு ட்ரௌட்களும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் எளிதில் இரையாயின. குற்றவாளி ஹார்மோன்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

கீழ்மடைக் குளம்:

மிக்க நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. மனிதர்களுக்கு வீக்கம் குறையக் கொடுக்கும் ஸ்டீராய்டு கார்டிசால் வகையைச் சேர்ந்தது என்கிறார்கள். அது அழற்சியை அடக்கும் பொருள் என்றால், என் மீன்களின் புண்கள் ஏன் அவ்வளவு சிவந்திருந்தன?

பதில் 2: செவுள்

சரியான கேள்வி. காயம் பட்டவுடன் திசுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிட்டு அணுக்களை அழைக்கும். கார்டிசால் அடக்குவது இந்தத் தொடக்க அழைப்பைத்தான். அந்த இடைவெளியில், குளத்து நீரில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியா காயத்தில் பெருகி, இரத்த அணுக்களையும் திசுப் புரதங்களையும் சிதைக்கும் நச்சுகளைச் சுரக்கிறது. நீங்கள் கண்ட சிவப்பில் பெரும்பகுதி இந்த இரத்தக் கசிவாகவே இருக்கக்கூடும். அதை வலுவான அழற்சியின் அடையாளம் என்று கொள்ள வேண்டாம். குளிர்ந்த நீரில் கெண்டை எதிர்ப்பொருள் தயாரிப்பதும் மெதுவாகவே நடக்கும் என்பதால், மார்கழி இரட்டைச் சுமையாகிறது. எட்டு நாள் தாமதத்துக்குக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு; உறுதிப்படுத்த, புண்ணின் ஓரத்திலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பதில் 3: பண்ணைக்குட்டை

நானும் வளர்ப்பவன்தான். நன்னீர் மீன் மிரளும்போது செவுள் வழியாக உடலின் உப்பை இழக்கிறது. அதை ஈடுகட்டும் வேலையிலும் கார்டிசாலுக்குப் பங்குண்டு. எனவே மாற்றுவதற்கு முதல் நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு, கொண்டு செல்லும் நீரில் லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கல்லுப்புக் கரைக்கிறேன். வலையை விடியற்காலைக்கு முன் இழுப்பதில்லை. அந்நேரத்தில் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு.

பதில் 4: செவுள்

உப்பு பற்றிய குறிப்பு மிகச் சரி. சினைமீன் ஊசியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்த ஊசி தூண்டிவிடும் பாலியல் ஹார்மோன்களும் இதே கணக்கில் வருகின்றன: சினூக் சால்மனின் லிம்ஃபோசைட்டுகளில் டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பொருள் தயாரிக்கும் அணுக்களைக் குறைத்தது ஆய்வகத்தில் காட்டப்பட்டது. மாறாக, வளர்ச்சி ஹார்மோன் கிருமியை விழுங்கும் அணுக்களைத் தூண்டுகிறது. ஆகவே உங்கள் குளத்தில் முதிர்ந்த சினைமீன்களும் இருந்தால், அடுத்த முறை வலைக்குள் வந்தவுடன் அவற்றை முதலில் விடுவித்துவிடுங்கள். எஞ்சியவற்றை இரண்டு வார இடைவெளி விட்டு இரண்டு தவணையாக மாற்றலாம்.