மூளை இல்லை, குடல் இல்லை, நரம்பும் இல்லை: கடற்பஞ்சு எப்படி விலங்கு?

அலைக்குமிழ்:
விலங்கியல் படிக்க ஆரம்பித்திருக்கிறேன், தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். கடற்பஞ்சு வளர்ந்த பிறகு இருந்த இடத்தை விட்டு நகராது, வாய் கிடையாது, நரம்பு ஒன்றுகூட கிடையாது, ஆனாலும் விலங்கு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சரி, ஜெல்லிமீனுக்கும்தான் மூளை இல்லையே, அப்படியானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே ரகமா? பட்டியல் வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்கள்.

ஆழ்கடல்வாசி:
நகர்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடற்பஞ்சு பிற உயிர்களைத் தின்றுதான் பிழைக்கிறது, அதன் செல்களுக்குச் செல்சுவர் இல்லை, விந்தணுவும் முட்டையும் சேர்ந்து கரு உண்டாகிறது. அந்தக் கருவிலிருந்து வரும் லார்வா பெரும்பாலும் நீந்தித் திரிந்துவிட்டுத்தான் எங்காவது ஒட்டிக்கொள்ளும்.

குடல் இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறது என்பதுதான் சுவாரசியம். உடம்பெல்லாம் நுண்துளைகள், அவற்றின் வழியே நீர் உள்ளே போய் ஆஸ்குலம் என்ற பெரிய துளை வழியாக வெளியேறும். நீரை ஓட்டுவது கொயனோசைட் செல்கள்: ஒவ்வொன்றிலும் ஒரு கசையிழை (சாட்டை போன்ற நுண்ணிழை), அதைச் சுற்றி மெல்லிய காலர். கசையிழை அடிக்க அடிக்க நீர் ஓடும், காலரில் பாக்டீரியா சிக்கும், செல் அதை விழுங்கித் தனக்குள்ளேயே செரித்துக்கொள்ளும். விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒருசெல் உறவினரான கொயனோஃபிளாஜெல்லேட்டும் பார்க்க அப்படியே இருக்கும்.

1907இல் எச். வி. வில்சன் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய துணி வழியாகப் பிழிந்து செல் செல்லாகப் பிரித்தார். உதிர்ந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடியும் கடற்பஞ்சாகிவிட்டன. அந்த அளவுக்குத்தான் அங்கே 'உடல்' என்ற கட்டுப்பாடு.

ஹைட்ராபிரியன்:
அதை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள் நண்பரே, செல்களாகப் பிரித்த ஹைட்ராவும் (நன்னீரில் வாழும் சிறு விலங்கு) மறுபடி ஒன்றுசேர்ந்து முழு ஹைட்ராவாகும், 1972இலேயே காட்டிவிட்டார்கள். ஹைட்ரா ஜெல்லிமீனின் கூட்டத்தைச் சேர்ந்தது, கடற்பஞ்சின் கூட்டம் இல்லை.

கேட்டவருக்கு: இரண்டும் ஒன்றில்லை. ஜெல்லிமீனுக்குத் திசு இருக்கிறது. வெளியே ஒரு அடுக்கு, உள்ளே ஒரு அடுக்கு, நடுவில் மீசோகிளியா என்ற கூழ். சுருங்கி விரியத் தசைச் செல்கள், அவற்றை இயக்க நரம்பு வலை. மூளை இல்லையே தவிர நரம்பு இல்லாமல் இல்லை, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் உங்கள் கேள்வியே வருகிறது. பெட்டி ஜெல்லிமீனுக்கு 24 கண்கள், சிலவற்றில் லென்ஸ்கூட உண்டு! குடல் என்று பார்த்தால் ஒரே குழி, ஒரே வாசல், சாப்பிடுவதும் கழிவை வெளியே தள்ளுவதும் அதன் வழியாகவே.

அலைக்குமிழ்:
திசு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கோடு, புரிந்தது. இன்னொன்று, கரை ஒதுங்கிச் செத்த ஜெல்லிமீனைத் தொட்டாலும் கொட்டும் என்கிறார்களே, நரம்பு செத்த பிறகு யார் உத்தரவு போடுகிறார்கள்?

ஹைட்ராபிரியன்:
உத்தரவே தேவையில்லை. கொட்டும் செல்லுக்குள் நிமட்டோசிஸ்ட் என்று ஒரு உறை, அதில் மிக அதிக அழுத்தத்தில் சுருட்டி வைத்த முள்ளுள்ள நூல். தொடுதலும் வேதிப்பொருளும் பட்டாலே வெடித்துவிடும். ஹைட்ராவில் அந்த முள் பாய எடுக்கும் நேரம் சுமார் 700 நானோ நொடி. உயிரோடு இருக்கும்போது நரம்புகள் எப்போது கொட்டலாம் என்பதை ஓரளவு கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் செத்ததையும் தொடாதீர்கள், அறுந்து மிதக்கும் இழையையும் தொடாதீர்கள்.

ஆழ்கடல்வாசி:
ஹைட்ரா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் "கடற்பஞ்சுதான் மூத்தது, நரம்பு பிறகு வந்தது" என்று புத்தகம் சொன்னால் அப்படியே எழுதிவிட வேண்டாம். சீப்பு ஜெல்லி என்று இன்னொரு கூட்டம் உண்டு, பெயரில்தான் ஜெல்லி, கொட்டும் செல் கிடையாது, எட்டு வரிசைக் குற்றிழை (நுண்மயிர்) தட்டுகளால் நீந்தும், நரம்பும் தசையும் உண்டு. விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை அதுதான் என்று 2008இல் மரபணு ஒப்பீட்டில் ஒரு குழு சொன்னது, 2023இல் எந்த மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்த ஆய்வும் அதையே சொன்னது. எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அது உண்மையானால் ஒன்று கடற்பஞ்சு தன்னிடம் இருந்த நரம்பை இழந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நரம்பு இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சாத்தியம் என்று படுகிறது.