வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அறை: இங்கிலாந்தில் பட்ஜெட் போட்ட மூன்று வீட்டாரின் அனுபவம்

ஹாரோ

எங்கள் வீடு 1930களில் கட்டிய செமி டிடாச்ட், அதாவது ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. சமையலறைக்குப் பின்னால் தோட்டத்துப் பக்கம் மூன்று மீட்டர் நீட்டி ஒரு சின்னக் கண்ணாடி அறை போட்டிருக்கிறோம். அம்மா ஊரிலிருந்து வந்தால் மாதக்கணக்கில் தங்குவார். குளிர்காலத்திலும் நாலு மணி நேரம் வெளிச்சத்தில் உட்கார அவருக்கு ஓர் இடம் வேண்டும், அதுதான் காரணம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: மண்ணுக்குக் கீழே ஆகும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கண்ணாடி பார்க்கப் போங்கள். கண்ணாடி விலை கொட்டேஷனில் முதல் வரியிலேயே இருக்கும். மற்ற செலவைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

அனுமதி பெரிய தலைவலி இல்லை. இங்கிலாந்தில் ஒட்டிய வீடுகளுக்குப் பின்பக்கம் மூன்று மீட்டர், தனி வீட்டுக்கு நான்கு மீட்டர் வரை, உயரம் முதலான நிபந்தனைகள் சரியாக இருந்தால் பிளானிங் பெர்மிஷன் இல்லாமலே கட்டலாம். அந்த அளவு வீட்டை முதன்முதலில் கட்டிய சுவரிலிருந்து தொடங்குகிறது; பழைய உரிமையாளர் நீட்டிக் கட்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. கட்டாயம் இல்லை என்றாலும் கவுன்சிலில் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட், அதாவது சட்டப்படிதான் கட்டியது என்ற சான்றிதழ், வாங்கி வைத்திருக்கிறோம். நாளை வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

இனி மண்ணுக்குள். புல்தரையில் ஒரு இரும்பு மூடி இருந்தது. பில்டர் அதை நெம்பித் தூக்கிக் காட்டினார். பக்கத்து வீட்டுக் குழாய் ஒன்று சாய்வாக வந்து எங்கள் குழாயோடு சேர்ந்து போகிறது. இப்படி இரண்டு வீட்டுக் கழிவு சேர்ந்து ஓடும் பழைய குழாய்கள் 2011 அக்டோபரிலிருந்து தண்ணீர் கம்பெனியின் பொறுப்பு. அதிலிருந்து மூன்று மீட்டருக்குள் கட்ட அவர்களின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பக் கட்டணம், குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சர்வே, மேன்ஹோலைத் தள்ளி வைக்கும் கூலி என்று வரிசையாக வந்தது. கொட்டேஷன் வாங்குமுன் உங்கள் தோட்டத்து மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

அடுத்தது களிமண். லண்டன் களிமண் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். அருகில் பெரிய மரம் இருந்தால் வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தச் சுருக்கத்தை இன்னும் கூட்டும். சாதாரணமாக ஒரு மீட்டர் ஆழ அஸ்திவாரம் போதும் என்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஓக் மரம் நிற்பதால் எங்களுக்கு அது போதவில்லை. பள்ளத்துச் சுவரில் நூல் மாதிரி வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டட வேலையைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் குனிந்து ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, வேர் தெரியாத ஆழம் வரை போகச் சொன்னார். ஆழம் கூடினால் கான்கிரீட் கூடும், மண்ணை அள்ளிப்போட ஸ்கிப் என்ற இரும்புத் தொட்டியும் கூடும், ஸ்கிப்பைத் தெருவில் வைக்கக் கவுன்சில் பெர்மிட்டும் வேண்டும்.

நடுவிலிருந்த கதவை எடுத்துச் சமையலறையோடு சேர்த்ததால் முழு பில்டிங் ரெகுலேஷனும் (கட்டடத் தர விதிகள்) எங்களுக்குப் பொருந்தியது. கண்ணாடிப் பரப்பு, புது அறையின் தரையில் 25 சதவீதமும், அறை கட்டியதால் மறைந்த பழைய கதவு ஜன்னல் அளவும் சேர்ந்ததைத் தாண்டினால், வெப்ப இழப்பு எங்கே ஈடாகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். அதற்கும் ஒருவருக்குக் கட்டணம். கொட்டேஷனில் "பிளஸ் வாட்" என்று சின்ன எழுத்தில் இருந்தால் 20 சதவீத வரியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 15 சதவீதமாவது தனியாக எடுத்து வையுங்கள். அம்மாவின் அறைக்கு நல்ல கண்ணாடி வாங்க முடிந்தது அந்தத் தனிப் பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கியதால்தான்.

ஈஸ்ட் ஹாம்

அண்ணா, நாங்கள் கதவை எடுக்கவில்லை. வெளிக்கதவு தரத்தில் ஒரு கதவு நடுவில் இருந்து, அறை 30 சதுர மீட்டருக்குள் தரைமட்டத்தில் இருந்து, ஹீட்டிங்கும் தனியாக இருந்தால் பெரும்பாலான பில்டிங் ரெகுலேஷனிலிருந்து விலக்கு உண்டு. கண்ணாடிக்கும் கரண்ட் வேலைக்கும் மட்டும் விதி பொருந்தும். பட்ஜெட் சின்னதாக இருப்பவர்களுக்கு இந்த வழிதான் நல்லது என்பேன். மிச்சமான பணத்தைக் கூரையில் போட்டோம். என் அக்கா வீட்டில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் கூரை. மழை பெய்தால் போனில் பேச முடியாது, ஜூலையில் உள்ளே நிற்க முடியாது. எங்களுடையது வெயில் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி. பிள்ளைகள் கோடையிலும் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

மில்டன் கீன்ஸ்

இரண்டு பேரும் சொல்லாத ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர். அவர் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள், அவர் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால், 1996 பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டப்படி ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 14 நாளில் பதில் வராவிட்டால் தகராறு என்றே எடுத்துக்கொள்வார்கள். அதைத் தீர்க்கும் சர்வேயரின் கட்டணம் பெரும்பாலும் நம் தலையில்தான். நாங்கள் முதலில் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு மேசையில் விரித்துக் காட்டிப் பேசினோம், நோட்டீஸைப் பிறகுதான் கொடுத்தோம். சம்மதக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அட்வான்ஸை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், கம்பெனி கைவிட்டாலும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனத்திடம் கேட்க முடியும். அட்வான்ஸ் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் போதும். மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள். கண்ணாடி வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் மூலையிலும் பாதுகாப்புக் கண்ணாடி என்ற சின்ன முத்திரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், முக்கியமாகக் கதவுகளிலும் தரையை ஒட்டி வரும் ஜன்னல்களிலும். முத்திரை இல்லாததைப் பொருத்த விடாதீர்கள்.