சோப் கோரிக்கைக்கு 415 பிழை: செய்தியின் பதிப்பை எங்கே சரிபார்ப்பது?

கேள்வி:
வணக்கம். ஜாவாவில் எழுதிய எங்கள் கணக்கியல் செயலி, வேறொரு தளத்தில் இயங்கும் இருப்புச் சேவையிடம் சோப் (செயலிகள் எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் நெறிமுறை) வழியாகப் பொருள் விவரம் கேட்க வேண்டும். சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஆவணத்தைப் பார்த்தே செய்தியை அமைத்திருக்கிறோம். எக்ஸ்எம்எல் இலக்கணத்திலும் குறையில்லை. ஆயினும் எச்டிடிபி 415 தான் திரும்பி வருகிறது. கன்டென்ட்-டைப் தலைப்பில் "டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்" என்று அனுப்புகிறோம். செய்தியின் உடற்பகுதியில் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
உடற்பகுதியை இப்போதைக்குத் தொட வேண்டாம். 415 வந்தால், சேவையகம் செய்தியைப் பிரித்துப் படிக்காமல், உள்ளடக்க வகையைப் பார்த்ததுமே மறுத்துவிட்டது என்று கொள்ளலாம். 2000-இல் வெளிவந்த சோப் 1.1, "டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்" வகையையும் சோப்ஆக்‌ஷன் என்ற தனித் தலைப்பையும் பயன்படுத்துகிறது. 2003-இல், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான 1.2 பதிப்புக்கோ "அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்" வேண்டும். சோப்ஆக்‌ஷன் தலைப்பு அதில் இல்லை, தேவையெனில் "ஆக்‌ஷன்" என்ற அளவுருவாக அந்த வகையோடு சேர்ந்தே செல்லும். டபிள்யூஎஸ்டிஎல்லில், செய்தி எந்த நெறிமுறையில் செல்லும் என்று சொல்லும் பைண்டிங் பகுதியைப் பாருங்கள். அங்குள்ள பெயர்வெளி (உறுப்புப் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரி) "சோப்12" என்று முடிந்தால், சேவை 1.2-ஐத்தான் எதிர்பார்க்கிறது என்பதில் ஐயமே இல்லை.

கேட்டவர்:
நன்றி. "சோப்12" என்றே உள்ளது. தலைப்பை மாற்றியதும் 415 மறைந்தது. ஆனால் இப்போது 500 வருகிறது, சேவையகமே செயலிழந்துவிட்டதா?

பதில் 1:
இல்லை. சோப் தன் பிழைச் செய்தியையும் பெரும்பாலும் 500 என்ற எண்ணுடன்தான் அனுப்பும். எண்ணோடு நின்றுவிடாமல், பதிலுக்குள் இருக்கும் ஃபால்ட் பகுதியைப் படியுங்கள். காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

கேட்டவர்:
"வெர்ஷன்மிஸ்மேட்ச்" என்று உள்ளது.

பதில் 2:
அப்படியானால் பதிப்புகள் பொருந்தவில்லை: தலைப்பு 1.2 என்கிறது, உறை (செய்தி முழுவதையும் சூழ்ந்த என்வலப் உறுப்பு) இன்னும் 1.1 என்கிறது. சோப்பில் பதிப்பு எண்ணுக்கென்று தனிப் புலம் கிடையாது. என்வலப் உறுப்பின் பெயர்வெளிதான் பதிப்பைத் தெரிவிக்கிறது. உங்கள் உறையில் எக்ஸ்எம்எல்சோப் தளத்தின் பழைய முகவரி இருக்கும். அதற்குப் பதிலாக டபிள்யூ3சி தளத்தின் 2003/05 முகவரி வர வேண்டும். இவற்றைக் கையால் திருத்துவதைவிட, ஜாவாவில் சோப் செய்திகளைக் கையாளும் சாஜ் நூலகத்தில், செய்திகளை உருவாக்கித் தரும் மெசேஜ்ஃபேக்டரியை உருவாக்கும்போதே 1.2 நெறிமுறையைக் குறிப்பிடுவது நல்லது. உறையும் உள்ளடக்க வகையும் அப்போது ஒன்றுக்கொன்று பொருந்தியே அமையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செய்தியின் உறுப்புகளை விவரிக்கும் திட்ட வரையறையில் (ஸ்கீமா) எலிமென்ட்ஃபார்ம்டீஃபால்ட் என்ற பண்பு "குவாலிஃபைட்" என்றிருந்தால், உள் உறுப்புகள் ஒவ்வொன்றும் சேவையின் பெயர்வெளிக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் பல கட்டமைப்புகள் பிழை எதுவும் காட்டாமல் அந்தப் புலங்களை வெற்று மதிப்பாக எடுத்துக்கொள்ளும். வெளிப்படையாக வரும் 415-ஐவிட இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

கேட்டவர்:
ஃபேக்டரியில் 1.2 என்று குறித்ததும் 200 கிடைத்தது. ஆனால் நீங்கள் சொன்னபடியே பொருள் எண் மறுமுனைக்கு வெற்றாகச் சென்றிருந்தது. அந்த உறுப்புக்குச் சேவையின் பெயர்வெளியைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்த்தபின் இருப்பு விவரம் முழுமையாக வருகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.