என்ஆர்200 கேஸ்ல கஸ்டம் வாட்டர் கூலிங், இடம் பத்துமா?

சில்க்போர்டு_ஜாம்

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் மொத தடவை கேள்வி கேக்குறேன், தப்பா இருந்தா திட்டாதீங்க.

ஊரு ஈரோடு, இருக்கறது பெங்களூர் பிடிஎம் லேஅவுட்ல ஒரு சின்ன ஒன் பிஹெச்கே. பெட்ரூம்ல கட்டில் போட்டா நடக்கவே இடமில்ல, அதனால ஹால்லதான் டேபிள், அதுக்கு மேலதான் பிசி. கேஸ் கூலர் மாஸ்டர் என்ஆர்200பி, 18 லிட்டர் சொச்சம். உள்ள ரைசன் 7 5800எக்ஸ்3டி சிபியு, ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு, 750 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன சைஸ்) பவர் சப்ளை. கார்டு செகண்ட் ஹேண்ட், "ரெஃபரன்ஸ் கார்டு"ன்னு சொல்லித்தான் வித்தாரு.

பிரச்சினை சூடு கூட இல்லீங்க, சத்தம். ஏப்ரல்ல கேம் போட்டா கார்டு 83 டிகிரி தொடுது, ஃபேன் அடிக்கற சத்தத்துல எதிர்ல பேசறவங்க குரலே கேக்கல. போன வாரம் ராத்திரி ஒரு கால், பின்னாடி ரெண்டர் ஓடிட்டு இருந்துச்சு, டீம்ல ஒரு அக்கா "என்னப்பா, மாவு ஆட்டிட்டு இருக்கியா"ன்னு கேட்டுட்டாங்க.

சைடுல 280 ரேடியேட்டர் (ரெண்டு 140 எம்எம் ஃபேன் பிடிக்கறது), அடியில 240 ரேடியேட்டர் (ரெண்டு 120 எம்எம் ஃபேன்), ரெண்டும் சேத்து சிபியு, கார்டு ரெண்டுக்கும் ஒரே லூப், அதாவது பம்பு வச்சு தண்ணியை சுத்த விட்டு சூட்டை இழுக்கறதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன். கேள்வி என்னன்னா பம்பை எங்க வைக்கறது, டியூப் சாஃப்ட்டா ஹார்டா, தண்ணி மொதல்ல சிபியுக்கு போகணுமா கார்டுக்கு போகணுமா, சாமான் எல்லாம் எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல கிடைக்குமா. இன்னொன்னு, தீபாவளி பொங்கலுக்கு பிசியை ட்ரெய்ன்ல ஊருக்கு எடுத்துட்டு போவேன், தண்ணியோட கொண்டு போலாமா?

பன்னீர்_பட்டாணி

2024 கோடையில பாதி பெங்களூர் குளிக்க தண்ணி இல்லாம டேங்கருக்கு போன் போட்டுட்டு கிடந்துச்சு, இங்க ஒருத்தர் கம்ப்யூட்டருக்கு தண்ணி கேக்குறாரு. சும்மா சொன்னேன் ப்ரோ, கோச்சுக்காதீங்க.

ஆனா சீரியஸாவே கேக்குறேன், அண்டர்வோல்ட் பண்ணி, அதாவது கார்டுக்கு போற வோல்டேஜை குறைச்சு பாத்தீங்களா? 3080 பொறந்ததுல இருந்தே 320 வாட் தின்னுற கார்டு. எங்கிட்டயும் அதே கார்டுதான், ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல 850 மில்லிவோல்ட்ல நிறுத்தினேன், 250 வாட் பக்கம் இறங்கிருச்சு, ஃப்ரேம் குறைஞ்சது மீட்டர்ல தெரியுது, கண்ணுக்கு தெரியல. அடுத்து கார்டோட சொந்த ஃபேனையும் பிளாஸ்டிக் மூடியையும் கழட்டிட்டு, கேஸ் அடியில ரெண்டு 120 ஃபேன் வச்சு நேரா ஹீட்சிங்க்ல ஊத விட்டேன். மொத்தமும் மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சது. நீங்க சொல்ற லூப்புக்கு நாப்பதாயிரம் ஆகும், அந்த காசுக்கு அடுத்த கார்டுக்கே அட்வான்ஸ் போட்டுரலாம். வெட்டி செலவுன்னுதான் எனக்கு படுது, அப்புறம் உங்க இஷ்டம்.

அரைலிட்டர்

பன்னீர் சொல்றதுல தப்பில்ல, அண்டர்வோல்ட் எப்படியும் பண்ணத்தான் போறீங்க, லூப் போட்டாலும் பண்ணணும், ஏன்னா சின்ன கேஸ்ல ரேடியேட்டருக்கு இடம் கம்மி, கார்டும் சிபியுவும் சேத்து 400 வாட்டை வெளிய தள்ளறதுக்கும் 320 வாட்டை வெளிய தள்ளறதுக்கும் ஃபேன் சத்தத்துல நல்லாவே வித்தியாசம் தெரியும். நான் இதே கேஸ்ல ரெண்டு வருஷமா லூப் ஓட்டிட்டு இருக்கேன், மொத்த லூப்பும் 450 மில்லிதான் பிடிக்குது, பேருக்கு காரணம் அதான்.

மொதல்ல கார்டு. வித்தவர் சொன்ன "ரெஃபரன்ஸ்"ங்கற வார்த்தையை நம்பி பிளாக் (சிப் மேல உக்காந்து உள்ள தண்ணி ஓடற கட்டி) வாங்கிராதீங்க. 3080ல என்விடியாவே வித்த ஃபவுண்டர்ஸ் எடிஷன் போர்டு வேற, ஓரத்துல வெட்டு விழுந்து குட்டையா இருக்கும். மத்த கம்பெனிங்களுக்கு என்விடியா குடுத்த டிசைன்ல வர்ற ரெஃபரன்ஸ் போர்டு வேற. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க, ஒண்ணோட பிளாக் இன்னொண்ணுல உக்காராது. சில கம்பெனி கார்டு ரெண்டுலயும் சேராம தனி போர்டு. பிளாஸ்டிக்கை கழட்டி போர்டு நம்பரை கண்ணால பாத்துட்டு, பிளாக் விக்கறவங்க போட்டிருக்கற லிஸ்ட்ல அந்த நம்பர் இருந்தா மட்டும் காசு கட்டுங்க. மெமரிக்கு வைக்கற தெர்மல் பேட் எத்தனை எம்எம்னு பிளாக் மேனுவல்ல என்ன இருக்கோ அதேதான், அரை எம்எம் கூட ஆனா கோர் மேல பிளாக் சரியா அழுந்தாது, குறைஞ்சா மெமரி 110 டிகிரி பக்கம் போயி ஸ்பீடை குறைச்சுக்கும்.

சிபியு மொதல்லயா கார்டு மொதல்லயான்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடுதுன்னு வச்சுக்கோங்க, 300 வாட் கார்டை தாண்டி வரும்போது தண்ணி ரெண்டு டிகிரி சொச்சம்தான் ஏறியிருக்கும். சுத்தி சுத்தி ஓடறதால லூப் முழுக்க கிட்டத்தட்ட ஒரே சூடுதான். டியூப் எந்த பக்கம் மடங்காம போகுதோ அந்த வரிசையில போடுங்க, அவ்ளோதான்.

டியூப் கண்டிப்பா சாஃப்ட், அதுலயும் கருப்பு இபிடிஎம் ரப்பர். கண்ணாடி மாதிரி இருக்கற பிவிசி பாக்க அழகா இருக்கும், கொஞ்ச மாசத்துல மங்கி, அதுல இருந்து கசியற பிசுக்கு போயி சிபியு பிளாக்கோட மெல்லிசு கோட்டுல அடைச்சுக்கும், எனக்கு ஆச்சு. 10/13 டியூபுக்கு (உள்ள 10, வெளிய 13 எம்எம்) ஃபிட்டிங், அதாவது டியூபை மாட்டற மூட்டு, ஒல்லி, ஆனா கொஞ்சம் இறுக்கி வளைச்சா மடங்கிரும். 10/16 நல்லா வளையும், ஆனா ஃபிட்டிங் தடிமன், பக்கத்து பக்கத்து ஓட்டையில ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டும். பென்ட் வர்ற இடத்துல 90 டிகிரி ஃபிட்டிங் போட்டுட்டு 10/13 வாங்கறதுதான் எனக்கு ஒத்து வந்துச்சு.

பம்பு டிடிசி எடுங்க, டி5 நல்ல பம்புதான், ஆனா இந்த பெட்டிக்கு குண்டு. கார்டுக்கு பிளாக் போட்டப்புறம் அதோட நீளம் குறைஞ்சிரும், பழைய ஹீட்சிங்க் நீட்டிட்டு இருந்த இடம் முன்னாடி காலியாகும்ல, அங்க சின்ன ரிசர்வாயர் தொட்டியோட டிடிசி நிக்கும். பம்பே சிபியு பிளாக் மேல உக்காந்து வர்ற மாடலும் இருக்கு, இடம் மிச்சம்தான், ஆனா பம்பு போச்சுன்னா பிளாக்கையும் சேத்து கழட்டணும்.

இப்ப நான் சொல்ல வர்ற மெயின் விஷயம். இந்த மாதிரி பெட்டியில லூப் போடறது கஷ்டமே இல்ல ப்ரோ, கழட்டறதுதான் கஷ்டம். ரேம் ஒரு குச்சி மாத்தணும்னா கூட சைடு ரேடியேட்டரை தூக்கணும், அதை தூக்கணும்னா டியூபை உருவணும், டியூபை உருவணும்னா தண்ணியை வடிக்கணும். என் மொத லூப்புல வடிக்கறதுக்கு வழியே வைக்கல. ஒரு எஸ்எஸ்டி மாத்தறதுக்காக கேஸை தலைகீழா புடிச்சு, கீழ சாம்பார் குண்டான் வச்சு, வீட்டம்மா ஒரு பக்கம் டார்ச் அடிக்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆச்சு. அதனால எதை வாங்கறதுக்கு முன்னாடியும், லூப்லயே தாழ்வான இடம் எதுன்னு பாத்து அங்க ஒரு டி ஃபிட்டிங்கும் சின்ன பால் வால்வும் வைக்க இடம் இருக்கான்னு பாருங்க. அது இல்லன்னா மிச்ச பிளான் எல்லாத்தையும் மாத்துங்க.

அட்டைப்பெட்டி வெட்டி மாடல் பண்ணி பாருங்க. 280ன்னு பேரு இருந்தா 280 எம்எம்ல முடிஞ்சிராது, ரெண்டு பக்கமும் டேங்க் சேத்து ரேடியேட்டர் 310ல இருந்து 320 எம்எம் வரும். 30 எம்எம் ரேடியேட்டர், 25 எம்எம் ஃபேன், சேந்து 55. அடியில 15 எம்எம் ஒல்லி ஃபேன் போட்டா 45. ஃபிட்டிங் தலையையும் மறக்காம வெட்டி ஒட்டுங்க, எல்லாரும் அதைத்தான் மறப்பாங்க.

எஸ்பி ரோட்ல எதுவும் ரெடியா கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, கேஸ் கேபிள் ஃபேன் கிடைக்கும், வாட்டர் பிளாக் எல்லாம் ஆன்லைன்தான். 2020 நவம்பர்ல அலிஎக்ஸ்பிரஸ் ஆப்பை தடை பண்ணதுல இருந்து பேரோ, பைக்ஸ்கி மாதிரி சைனா பிராண்டு சாமானுக்கு இங்க விக்கறவங்க வச்சதுதான் விலை. ஃபிட்டிங் மரை ஜி கால் இஞ்ச், அதாவது பிஎஸ்பி நேர் மரை. சிக்பேட் பக்கம் ஹார்ட்வேர் கடையில பித்தளையில அதே கால் இஞ்ச்னு எடுத்து குடுப்பாங்க, கூர் மரையா இருந்துச்சுன்னா அக்ரிலிக் பிளாக் வெடிச்சிரும், பாத்து. அலுமினியம் ஃபிட்டிங், அலுமினியம் ரேடியேட்டர் எதையும் செம்பு பிளாக்கோட கலக்காதீங்க, அரிச்சிரும்.

தண்ணி காவேரியும் வேணாம், ஆர்ஓவும் வேணாம். டிஸ்டில்டு வாட்டர், அதோட பாசி புடிக்காம இருக்கறதுக்கும் அரிக்காம இருக்கறதுக்கும் மருந்து, இல்லன்னா ரெடிமேட் கூலன்ட். புது ரேடியேட்டருக்குள்ள சால்டரிங் பண்ண பிசின் எல்லாம் ஒட்டிட்டு இருக்கும், சுடு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி குலுக்கி குலுக்கி கொட்டுங்க, என்னோடதுல மொத தடவை வந்த தண்ணி கழனித்தண்ணி மாதிரி இருந்துச்சு.

தண்ணிவண்டி

தல அரைலிட்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு, ஒண்ணை விட்டுட்டாரு. ஸ்க்ரூ.

என் சோகக் கதையை கேளுங்க. லூப் ஆறு மாசம் சூப்பரா ஓடுச்சு, அப்புறம் அடியில இருந்த 25 எம்எம் ஃபேனை எடுத்துட்டு 15 எம்எம் ஒல்லி ஃபேன் போட்டேன், கீழ காத்து போக கேப் வேணும்னு. ஸ்க்ரூ மட்டும் பழசு, 30 எம்எம். கணக்கு போடுங்க, 25 எம்எம் ஃபேன்ல 5 எம்எம் தான் ரேடியேட்டருக்குள்ள போகும், 15 எம்எம் ஃபேன்ல 15 எம்எம் உள்ள போயிரும். மூணு ஸ்க்ரூ சும்மா ஃபின்னுக்கு நடுவுல போயிருச்சு, நாலாவது கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, நான் என்னமோ மரை டைட்டுன்னு நெனச்சு இன்னும் ரெண்டு சுத்து விட்டேன். நேரா தண்ணி ஓடற குழாய்ல ஓட்டை.

ஃபேன் மட்டும்தானே மாத்தினேன்னு லீக் டெஸ்ட்டும் பண்ணல. ராத்திரி பூரா டேபிள்ல இருந்து சொட்டு சொட்டா கீழ ஸ்பைக் பஸ்டர் மேல விழுந்திருக்கு. காலைல எம்சிபி ட்ரிப் ஆகி கெடக்கு, ஹவுஸ் ஓனர் கன்னடத்துல என்னமோ திட்டறாரு, பாதிதான் புரிஞ்சுது, அதுவே போதுமா இருந்துச்சு. நல்ல வேளை ரேடியேட்டர் அடியில இருந்ததால போர்டு தப்பிச்சுது.

அதனால எதை தொட்டாலும் லீக் டெஸ்ட். கேஜ் வச்ச கை பம்பு கிடைக்குது, தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே அரை பார் காத்து அடிச்சு அரை மணி நேரம் விடுங்க, முள்ளு நகரக்கூடாது. டயர் பம்பு வச்சு அதிகமா அடிச்சீங்கன்னா பிளாக்கே போயிரும், ஆசைப்படாதீங்க. அப்புறம் தண்ணி ஊத்தி பம்பை மட்டும் ஓட்டுங்க, போர்டு, கார்டு ரெண்டுக்கும் கரண்ட் போகக்கூடாது. 24 பின் கனெக்டரை போர்டுல இருந்து கழட்டி பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் ஜம்பர் போட்டா சப்ளை தனியா ஓடும். எல்லா ஒயரும் கருப்பா இருந்தா பின் படத்தை பாத்து 16ஆவது பின். காலி ரிசர்வாயரோட ஒரு செகண்ட் கூட டிடிசியை ஓட்டாதீங்க, அதுக்கு தண்ணிதான் எண்ணெய்.

ட்ரெய்ன் விஷயம், தண்ணியோடவே போலாம், நான் சென்னைக்கு ரெண்டு தடவை எடுத்துட்டு போயிருக்கேன். ஆனா கண்ணாடி பேனல் வேணாம், மெஷ் பேனலை மாட்டுங்க. மேல் பெர்த்ல வைக்காதீங்க, கீழ ஒருத்தர் வாயை தொறந்துட்டு தூங்குவாரு. ஊருக்கு போனதும் எல்லா ஃபிட்டிங்லயும் டிஷ்யூ வச்சு அழுத்தி பாத்துட்டுதான் பிளக் சொருகணும்.

சில்க்போர்டு_ஜாம்

ஐயோ, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றிங்க.

பன்னீர் அண்ணா, சனிக்கிழமை அண்டர்வோல்ட் பண்ணேன். 320ல இருந்து 255 வாட், 83ல இருந்து 74 டிகிரி. சத்தம் குறைஞ்சிருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது, ஆசை வந்துருச்சு, என்ன பண்றது.

கார்டை பிரிச்சு பாத்தேன், ரெஃபரன்ஸ் போர்டுதான், நம்பர் லிஸ்ட்ல இருக்கு. அமேசான் அட்டையை வெட்டி ரேடியேட்டர், பாட்டில் மூடியை ஒட்டி ஃபிட்டிங்னு மாடல் பண்ணேன். சைடுல 280 வச்சா ஃபேன் வரைக்கும் உக்காருது, ஆனா பாட்டில் மூடி நேரா பவர் சப்ளை கேபிள் கட்டுல போய் இடிக்குது. கேபிளை எவ்ளோ அமுக்குனாலும் நடக்கல. அங்கயும் 240 அட்டை வச்சா நாலு சென்டிமீட்டர் கிட்ட காலி கிடைக்குது, ஃபிட்டிங்கும் திரும்புது, வால்வு தொங்கவும் இடம் இருக்கு. ரெண்டு 240, கார்டும் சிபியுவும் சேத்து வர்ற இந்த 330 வாட்டுக்கு பத்துமாங்க? ரூம்ல ஏசி கிடையாது.

அரைலிட்டர்

பத்தும். என்னோடதும் ரெண்டு 240தான். மே மாசம் ரூம் 32 டிகிரி இருந்தப்ப தண்ணி 46 வரைக்கும் போச்சு, கார்டு 60 தாண்டல. பம்புக்கு 60 டிகிரி வரைக்கும் தாங்கற தண்ணின்னு போட்டிருப்பாங்க, அது வரைக்கும் விடாம 50க்குள்ள வச்சுக்கோங்க. தண்ணி ரூமை விட குளிராது, அதை மட்டும் யாரு சொன்னாலும் நம்பாதீங்க. நம்ம ஊரு 900 மீட்டர் மேல இருக்கறதால காத்தே கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு லேசு, அதனால சென்னைக்காரங்க அதே ஃபேன் ஸ்பீடுக்கு போடற நம்பர் உங்களுக்கு அப்படியே வராது, ஆனா ராத்திரி இங்க 22 டிகிரி, அவங்களுக்கு அது கெடையாது.

ஃபேன் ஸ்பீடை சிபியு சூட்டுக்கு வைக்காதீங்க, அது செகண்டுக்கு ஒரு தடவை குதிக்கும், ஃபேனும் சேந்து குதிக்கும், அப்புறம் அந்த அக்கா மறுபடி மாவாட்டறியான்னு கேப்பாங்க. லூப்ல ஒரு தண்ணி சென்சார் போட்டு அதை வச்சு கர்வ் போடுங்க, தண்ணி மெதுவாத்தான் சூடாகும், ஃபேனும் மெதுவா ஏறும், ஏறறதே காதுல விழாது. போர்டுல ரெண்டு பின் சென்சார் சாக்கெட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா தனி கன்ட்ரோலர் வேணும்.

அடியில காத்து உள்ள, சைடுல காத்து வெளிய. அடியில தூசி வலையை மாசம் ஒரு தடவை தட்டுங்க, பிடிஎம் தூசி தெரியும்ல.

பன்னீர்_பட்டாணி

சரி ப்ரோ, ஆசைன்னு ஆனப்புறம் நான் என்ன சொல்ல. முடிஞ்சதும் போட்டோ போடுங்க, சாம்பார் குண்டானோட.

சில்க்போர்டு_ஜாம்

பிளாக்கும் ரேடியேட்டரும் ஆர்டர் போட்டுட்டேன். அடி ஃபேனுக்கு 20 எம்எம் எம்3 ஸ்க்ரூ எட்டு வேணும், எஸ்பி ரோட்ல மூணு கடை ஏறி இறங்கிட்டேன், எல்லாம் 30தான் வச்சிருக்காங்க.

தண்ணிவண்டி

எங்கிட்ட ஒரு டஜன் மிச்சம் இருக்கு, கோரமங்களா பக்கம் வந்தா வாங்கிக்கோ தம்பி. அந்த 30 எம்எம் பாக்கெட்டை மட்டும் கூட எடுத்துட்டு வந்துரு, உன் வீட்லயே இருக்க வேணாம்.